நல்ல கால் முதலில்

மருதமுனை
14 ஜனவரி 2024

அன்புத் தம்பி றுமைஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, உன் மச்சான் மர்சூக், நான் மூவரும் அல்ஹம்துலில்லாஹ் நன்றாக இருக்கிறோம். உம்மாவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. தோஹாவில் குளிர் என்றாய். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

வட்ஸ்அப் இருக்க ராத்தா ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாள் என்று சிரிப்பாய். போனில் கதைத்தால் உம்மா நடுவில் காதை வைப்பா. தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிறவள் நான். என் பெயருக்கு வருவதை வேறு யாரும் தொட மாட்டார்கள். அதோடு, கையால் எழுதிய ஒரு கடிதம் நம் கந்தோருக்கு வந்து எத்தனை மாதம் என்று என்னோடு வேலை செய்யும் பாண்டிருப்புத் தங்கேஸ்வரி கேட்டாள். அன்றைக்கே முத்திரை வாங்கினேன்.

விசயம் இதுதான். போன வருசம் பெண்கள் சங்க விழாவில் என் நாடகம் போட்டோம். பெண்களுக்கு மட்டும் காட்டுகிற நாடகம், ஆகையால் ஆம்பிளை வேசமும் பெண்தான் போட வேண்டும். வாப்பாவாக வந்த பிள்ளை சாறன் கட்டி, மீசை வரைந்து, மேடையில் நாலு அடி வைத்தாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. மகள் மௌத்தான செய்தி கேட்டு ஓடி வருகிற வாப்பா அவர்! நான் திரைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

இந்த ஜூலையில் மறுபடியும் மண்டபம் தருகிறேன் என்று சங்கத் தலைவி நாச்சியா மாமி சொல்லிவிட்டு, "இந்த முறையும் ஆம்பிள ஆம்பிளயாத் தெரியாட்டி, அடுத்த வருசம் தையல் கண்காட்சிதான் புள்ள. சனம் இளிக்கிறத்துக்கு மண்டபம் தரேலா" என்றா. எனக்கு இந்த ஊரில் வேறு மேடை கிடையாது. அது போனால் எழுதுவதெல்லாம் அலுமாரிக்குள்தான்.

புது நாடகத்தில் ஆதம்பாவா என்று ஒரு மீன்பிடிகாரர். தோணி கவிழ்ந்து ஆளைக் காணவில்லை. ஆள் இறந்துவிட்டார் என்று மூன்றாம் நாள் கத்தம் ஓதி வீட்டில் சோறு ஆக்கிக்கொண்டிருக்கும்போது அவரே பசியோடு வந்து வாசலில் நிற்கிறார். அந்த வேசத்தை நானே போடப் போகிறேன். உம்மாவிடம் மூச்சு விடாதே.

நடைதான் வரவில்லை. தெருவில் ஆம்பிளைகளை உற்றுப் பார்க்க முடியுமா? இரண்டே நாளில் பெயர் கெட்டுவிடும். உன் மச்சானைப் பார்த்தேன். நான் பார்ப்பது தெரிந்ததும் மனிசனுக்கு நடை மறந்துபோய்க் கதவில் முட்டிக்கொண்டார். நீ பள்ளிக்கூடத்தில் பெண் வேசம் போட்டுப் பரிசு வாங்கியது என் நடையைப் பார்த்துத்தானே? இப்போது உன் முறை. ஆம்பிளை எப்படி நடக்கிறான் என்று எழுது.

துஆவுடன்,
ராத்தா சுல்பிகா


தோஹா
28 ஜனவரி 2024

ராத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். காது மூடியிருக்கிறது. அறையில் என்னோடு இருக்கும் சம்மாந்துறைச் சுபியான் நெய்ச்சோறு ஆக்கப் பழகுகிறான், அதனால் வயிறு மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்துச் சிரித்தேன். ஓம், உங்கள் நடையைத்தான் திருடினேன். நீங்கள் ரியூசனுக்குப் போகும்போது பின்னால் நடந்து பழகியதை ஒரு கிழமையாய் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. குடையை இடது கையில் பிடித்து வலது தோளைச் சற்று இறக்குவீர்கள். இப்போதும் அப்படித்தானா?

நடிகனாகப் போகிறேன் என்று வாப்பாவோடு சண்டை பிடித்தவன் இப்போது தினமும் மேடையில்தான் நிற்கிறேன், ஸ்பானர் கையோடு. விளக்கு கட்டுகிறோம், திரை கட்டுகிறோம், நடிக்கிறவர்கள் வர முன்னம் இறங்கிப் போய்விடுகிறோம். இறங்கும்போது ஒரு நிமிசம் நடுவில் நின்று பார்ப்பேன். மேற்பார்வையாளர் கத்துவார். அந்த ஒரு நிமிசத்துக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

ஆம்பிளை நடையை நான் கவனித்ததே இல்லை. அது பாட்டுக்கு வருகிறதே! அடுத்த கிழமை ஒரு பெரிய மேடை வேலை இருக்கிறது. அது முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை தெருவோரம் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன். ஆம்பிளைகளைப் பார்க்க எனக்குத் தடையில்லையே.

உம்மாவுக்கு என் ஸலாம். மச்சானைக் கதவு பார்த்து நடக்கச் சொல்லுங்கள்.

தம்பி றுமைஸ்


மருதமுனை
17 பெப்ரவரி 2024

அன்புத் தம்பி,

ஸலாம். வீட்டில் யாருக்கும் குறையில்லை. மழை விட்டுவிட்டது, மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் வெட்டத் தொடங்கிவிட்டார்கள், ரோட்டெல்லாம் வைக்கோல். உன் பெரிய மேடை வேலை முடிந்ததா?

நாடகம் எழுதி முடித்தேன். கந்தோரில் முத்திரை குத்தும்போதுதான் எனக்கு வசனம் வரும். குத்தக் குத்த ஆதம்பாவாவின் பெண்சாதி கதைக்கத் தொடங்கிவிடுவாள். கடிதம் குறைந்தால் வசனமும் குறைகிறது, ஆகையால் நீயாவது எழுதிப் போடு. பெண்சாதி வேசம் தங்கேஸ்வரிக்கு. "அக்கா, நீங்க வாசலுக்கு வாற நேரம் எனக்கு அழுக வருமா, சிரிப்பு வருமா எண்டு உங்கட கால்லதான் இரிக்கு" என்கிறாள்.

கால் என்னவோ இன்னும் பெண்ணாகத்தான் இருக்கிறது. வேகமாக நடந்தால் பஸ்ஸைப் பிடிக்கிறவள், மெல்ல நடந்தால் கலியாண வீட்டு நாலாம் சடங்குக்குப் போகிற மாமி. எழுதுகிறேன் என்றாய், எழுது.

ராத்தா


மருதமுனை
24 மார்ச் 2024

தம்பி,

ஸலாம். நோன்பு பன்னிரண்டு போய்விட்டது. எல்லோரும் சுகம். நீ?

ஐந்து கிழமையாய்க் கடிதம் இல்லை. போனில் கேட்டால் வேலை, வேலை என்கிறாய். முன்பெல்லாம் நடந்து நடந்து கதைப்பாய், கடைத்தெருவெல்லாம் காட்டுவாய். இப்போது முகமும் ஒரு தலையணையும்தான் தெரிகிறது என்று உம்மா குறை சொல்கிறா. மெலிந்துவிட்டாயாம். அவவுக்கு நீ எப்போதும் மெலிந்தவன்தான்.

எழுத நேரமில்லாவிட்டால் சுபியானிடம் போனைக் கொடுத்து நீ நடப்பதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. ஒரு நிமிசம் போதும். பார்த்துப் பழகிக்கொள்கிறேன்.

ராத்தா


தோஹா
14 ஏப்ரல் 2024

அன்புள்ள ராத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம். பெருநாள் இங்கே புதன்கிழமை. உங்கள் எல்லோருக்கும் ஈத் முபாறக். நான் நல்லபடி இருக்கிறேன். என்னை இப்போது களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள், உட்கார்ந்து செய்கிற வேலை. கடிதம் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம்.

வீடியோ அனுப்ப மாட்டேன். பார்த்தால் நீங்கள் என்னைக் காப்பி அடிப்பீர்கள். பார்த்துத் திருடிய நடை கொஞ்ச நேரத்தில் கழன்றுவிடும், எனக்கு அது தெரியும். எழுத்தில் இருந்தால் உங்கள் உடம்புதான் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பு கண்டுபிடித்தது நிற்கும்.

இங்கே றொவீனா என்று ஒரு பிலிப்பைன் பெண்மணியிடம் நடையைப் பற்றி நிறையப் படித்தேன். உடம்பை அசைக்கப் பழக்குவதுதான் அவவின் தொழில். அவ சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

நடப்பது என்றால் காலைத் தூக்குவது என்று நினைக்கிறோம். இல்லை ராத்தா. முதலில் தரையில் இருக்கிற காலை நம்ப வேண்டும். அதை நம்பாவிட்டால் மற்றது தூக்காது. இடது காலில் முழுப் பாரத்தையும் போட்டு நில்லுங்கள். இப்போது வலது காலை முன்னால் கொண்டுபோய்க் குதிகாலை வையுங்கள், குதியை மட்டும். உடனே பாரத்தைப் போட வேண்டாம். ஒரு மூச்சு நிற்க வேண்டும். தரை இருக்கிறது என்று காலுக்குத் தெரிய வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் குதியிலிருந்து விரலுக்குப் போகிறது. இடுப்பு மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் அது பொய் நடை.

கீழே பார்க்க வேண்டாம். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். தோள் இரண்டும் தளர்ந்திருக்கட்டும், கை தானாக வரும். பல்லைக் கடிக்கக் கூடாது. பல்லைக் கடித்தால் முழங்கால் இறுகும்.

முதல் நாள் இருபது அடி. அதற்கு மேல் வேண்டாம். இருபதாவது அடியில் உட்கார ஒரு கதிரை இருக்கட்டும்.

இன்னொன்றும் தோன்றியது. ஆதம்பாவா வாசலுக்கு வந்ததும் கதைக்க வேண்டாம். மூன்று நாள் கடலில் கிடந்தவன் முதலில் நிற்கத்தான் பார்ப்பான். நிற்கட்டும். சோற்று மணம் வரட்டும். பிறகு "சோறு இரிக்கா?" என்று மட்டும் கேட்கட்டும்.

உம்மாவிடம் நான் கொழுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் தம்பி


மருதமுனை
3 மே 2024

என் அருமைத் தம்பிக்கு,

ஸலாம். உன் கடிதம் கண்ட நாளிலிருந்து எனக்கு ஒரு குறையுமில்லை. உம்மாவுக்கு முட்டுக்கால் நோ, மச்சானுக்குத் தடிமன், வேறொன்றுமில்லை.

நீ இப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது! வாசித்துவிட்டுப் பொறாமைப்பட்டேன், உண்மையைச் சொல்கிறேன். பத்து வருசமாய் எழுதுகிறேன், ஒரு அடியை இப்படி எழுத எனக்கு வராது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டுப் பார்சல் மேசையிலிருந்து தராசு வரை நடந்தேன். இடது காலில் நின்று, வலது குதியை வைத்து, ஒரு மூச்சு நின்று. தங்கேஸ்வரி முத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். முதலில் சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. "அக்கா, அந்த மனிசன் எங்கயோ கனக்கத் தூரத்தில இருந்து வாறார்" என்றாள்.

ஆனால் இருபது அடி போதாது. மேடை அதை விட நீளம். ஏன் இருபதோடு நிறுத்தச் சொன்னாய்?

யாரந்த றொவீனா? அவவைப் பற்றியே மூன்று வரி எழுதியிருக்கிறாய். உம்மா உனக்குச் சாய்ந்தமருதில் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறா. பிலிப்பைன் மருமகள் என்றால் முன்கூட்டியே சொல், மண்டபம் பிடிப்பதற்கு முன் உம்மாவைப் பிடிக்க வேண்டும்.

இனி உட்காருவதும் எழும்புவதும் எழுது. வாசல் படி இரண்டு ஏற வேண்டியிருக்கிறது, அதையும் எழுது.

ராத்தா


தோஹா
22 மே 2024

அன்புள்ள ராத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நாளுக்கு நாள் நன்றாக இருக்கிறேன். உம்மாவின் முட்டுக்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தணம் கொடுங்கள். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டாம், சுகமாக இருக்கும், ஆனால் கூடாது.

றொவீனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. உம்மாவைப் பிடிக்கத் தேவையில்லை.

உட்கார்ந்திருக்கிறவன் எழும்பும்போது முதுகால் எழும்புவதில்லை. பாதங்களைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு முன்னால் குனியுங்கள், மூக்கு முழங்காலைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் உடம்பு தானாக எழும்பும். கையை ஊன்றலாம். ஆம்பிளை கையை ஊன்ற மாட்டான் என்று நினைக்காதீர்கள், யாரும் பார்க்காத இடத்தில் ஊன்றுவான்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது மற்றக் கால் முதலில். இதை மாற்றக் கூடாது.

போன கிழமை ஒரு கனவு கண்டேன். மருதமுனை ரோட்டில் நடக்கிறேன். வேறொன்றும் நடக்கவில்லை, வெறும் நடைதான். பள்ளிவாசல், ஐஸ்காரனின் மணி, நம் வீட்டுக் கேற். முந்தியெல்லாம் கனவில் நான் மேடையில் நின்று பெரிய பெரிய வசனம் கதைப்பேன், சனம் கைதட்டும். இப்போது ரோட்டில் நடப்பதே போதும் போலிருக்கிறது. விழித்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். ஏனென்று கேட்க வேண்டாம்.

இருபது அடி என்றது ஆரம்பத்துக்கு. நேற்று நூற்றிருபது வந்தது. நீங்களும் கூட்டுங்கள். நாடகத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது, அதற்குள் மேடை முழுக்க நடந்துவிடலாம்.

உங்கள் தம்பி


மருதமுனை
9 ஜூலை 2024

தம்பி றுமைஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உன் சுகத்தை இந்த முறை நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

முதலில் நாடகத்தைச் சொல்கிறேன், நீ அதைப் பார்க்க முடியாதே. சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. வாசலில் ஒரு பெரிய அண்டாவை வைத்து எல்லோருடைய போனையும் வாங்கிப் போட்டார்கள். உள்ளே நானூறு பெண்கள், எண்ண முடியாத பிள்ளைகள். உம்மா மூன்றாம் வரிசையில், நான் எழுதிய நாடகம் பார்க்க வந்தவ, நான் நடிப்பது தெரியாமல்.

நனைந்த சாறனோடு வந்தேன். இடது காலில் நின்றேன். வலது குதியை வைத்தேன், ஒரு மூச்சு நின்றேன். சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். றுமைஸ், ஒரு பிள்ளை கூட அழவில்லை. படியை நீ சொன்னபடி ஏறினேன். கடலுக்கு ஒரு ஆளையாவது பறிகொடுக்காத வீடு அந்த மண்டபத்தில் எத்தனை இருக்கும்? ஏறி நின்று, சோற்று மணம் பிடித்து, "சோறு இரிக்கா?" என்றேன். மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதார்கள். நாச்சியா மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தா. நான் நினைத்ததை விட நன்றாக நடந்தது.

உம்மா மட்டும் எழும்பி நின்றா. பின்னால் இருந்தவர்கள் இழுத்தும் உட்காரவில்லை. முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்தா. மீசைக்கு ஏச்சு விழும் என்று நின்றேன். அவ குனிந்து என் வலது தொடையைப் பிடித்தா.

"இந்தக் கால ஏன்டி இப்பிடி வெச்ச? ஆரு சொல்லித் தந்த?"

"றுமைஸ்தான் உம்மா. கடிதத்தில."

"தோள் அவன்ட தோள். கால் அவன்ட இல்ல. இது நோவோட நடக்கிற ஆள்ர கால். என்ட மனேக்கு என்னமோ நடந்திரிக்கு."

திங்கட்கிழமை கந்தோரில் உன் கடிதங்களை வரிசையாக வைத்து வாசித்தேன். வீடியோ அனுப்ப மாட்டேன் என்றாய். இருபது அடியில் கதிரை வேண்டும் என்றாய். "நல்ல கால்" என்று எழுதியிருந்தாய், அன்றைக்கு அதை வாசித்து, ஆம்பிளைக்கு ஒரு கால் நல்லது, ஒரு கால் கெட்டதா என்று சிரித்தேன். நேற்று நூற்றிருபது வந்தது என்றாய், அது யாருடைய நூற்றிருபது என்று நான் கேட்கவில்லை. கனவு கண்டு அழுதேன் என்றவனிடம் நான் ஒரு வரி கேட்கவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். எழுதுகிறவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது தம்பி, எனக்கு நிறையவே இருக்கிறது. மன்னித்துக்கொள்.

போனில் கேட்டால் மறுபடியும் ஒன்றுமில்லை என்பாய். கடிதத்தில் நீ பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னாய். மற்றப் பாதியை எழுது.

ராத்தா


தோஹா
27 ஜூலை 2024

ராத்தா,

வ அலைக்குமுஸ்ஸலாம். உம்மாவிடம் சொல்லுங்கள், நான் உயிரோடு, கை கால் எல்லாவற்றோடும் இருக்கிறேன்.

பெப்ரவரி ஆறாம் திகதி. விளக்குக் கம்பியிலிருந்து விழுந்தேன். வலது தொடை எலும்பு இரண்டாய்ப் போனது. தகடு வைத்துப் பொருத்தினார்கள். அந்தக் கால் இப்போது அரை அங்குலம் கட்டை. இனி எப்போதும் கொஞ்சம் நொண்டித்தான் நடப்பேன்.

சொல்லாததற்குக் காரணம் உம்மாவின் சீனி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வெட்கம். மேடையில் நிற்க வேண்டும் என்று வீட்டோடு சண்டை பிடித்தவன் மேடையிலிருந்து விழுந்தேன் என்று எப்படிச் சொல்ல?

உங்கள் மாசிமாதக் கடிதத்தைச் சுபியான் வார்ட்டுக்குக் கொண்டுவந்தான். ஆம்பிளை நடை எழுது என்று இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். என் கால் கட்டிலில் மரமாய்க் கிடக்கிறது, இவவுக்கு நடை வேண்டுமாம் என்று கோபம் கூட வந்தது. றொவீனா அங்கே நடை பழக்குகிற தாதி. என்ன கடிதம் என்று கேட்டா, சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்படியென்றால் நீ சீக்கிரம் பழக வேண்டும், அங்கே ஒருத்தி காத்திருக்கிறாளே" என்றா. மறுநாள் என்னைக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தினா.

எனக்காக என்றால் நான் அந்தக் கம்பியை விட்டிருக்க மாட்டேன் ராத்தா. ஜூலைக்கு முன் உங்களுக்கு நடை வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். யோசிக்கும்போது நோ குறைந்தது. மன்னிப்புக் கேட்கிறீர்களே, கேட்கக் கூடாது. நீங்கள் பேராசைக்காரியாக இருந்ததால்தான் நான் எழும்பினேன்.

அந்த நானூறு பேரைப் பற்றி எழுதியிருந்ததை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

செப்டெம்பரில் என்னை ஊருக்கு அனுப்புகிறார்கள். ஊன்றுபொல்லு இல்லாமல் நடக்கிறேன், கிட்டத்தட்ட. மச்சானிடம் சொல்லி வானைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அனுப்புங்கள். மஃரிபுக்குப் பிறகு, இருட்டினதும் கேற்றுக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கட்டும். நான் நடப்பதை ஊர் நின்று பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

றுமைஸ்


மருதமுனை
11 ஓகஸ்ட் 2024

என் தம்பிக்கு,

உன் மேல் ஸலாம். உம்மா மூன்று நாள் அழுது, நாலாம் நாள் உனக்கு ஏசினா, ஐந்தாம் நாள் நேர்ச்சைக்கு ஆடு கேட்டா. இப்போது சுகம்.

வான் வரும். ஆனால் இருட்டினதும் வராது. அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் பெரிய ரோட்டில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். அங்கேயிருந்து வீடு வரை நீ நடக்கிறாய். மச்சானிடம் கெஞ்சிப் பார்க்காதே, அவருக்கு என்னில் பயம்.

ஏனென்று கேள். நாடகம் முடிந்த மறுநாள் நம் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆதம்பாவா மாதிரி நடந்து விளையாடினார்கள். சங்கத்தில் மாமிமார் தேத்தண்ணி குடிக்கும்போது ஒருத்தி எழும்பி அந்த நடை நடந்து காட்ட, மற்றவர்கள் "குதி, குதி, ஒரு மூச்சு நில்லு" என்று திருத்தினார்கள். அடுத்த மாதம் சம்மாந்துறையில் போடக் கேட்டிருக்கிறார்கள். தையல் கண்காட்சியைப் பற்றி நாச்சியா மாமி வாய் திறக்கவில்லை. நீ வருவதற்கு முன்பே உன் நடை ஊருக்கு வந்துவிட்டது றுமைஸ். இந்த ஊரில் பாதிச் சனம் அதற்குக் கைதட்டியிருக்கிறது. எதற்கு ஒளிக்கிறாய்?

எனக்கு அந்த நாட்களில் கொழும்பில் இரண்டு கிழமைப் பயிற்சி. கந்தோர் விடாது. நான் பக்கத்தில் இருந்தால் என் தோளைப் பிடிப்பாய், ஆகையால் அதுவும் நல்லதுதான். நடந்து முடித்துவிட்டு எழுது, ஒன்றும் விடாமல்.

துஆவுடன் ராத்தா


மருதமுனை
12 செப்டெம்பர் 2024

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை ஸலாம் நம் வீட்டிலிருந்தே. உம்மா சுகம், மச்சான் சுகம், நான் சுகம், எல்லோரும் உங்களைத் தேடுகிறோம். கொழும்புச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நேற்றுப் பின்னேரம் வந்தேன். மச்சானிடம் கெஞ்சிப் பார்த்தேன், உண்மைதான், பலிக்கவில்லை. பெரிய ரோட்டில் இறக்கிவிட்டுப் பெட்டியோடு வானை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் ஆம்பிளைகள். தொழுதுவிட்டு வந்தவர்கள் ஸலாம் சொன்னார்கள், காலைப் பார்த்தார்கள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கு நாடகம் தெரியாது. என் பல்லு இறுகியது, உடனே முழங்காலும் இறுகியது. கடைக்கு முன்னால் நின்றுவிட்டேன். அப்படியே திரும்பி வானைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன்.

அதற்குள் தெருவில் கேற்றுகள் திறந்தன. முதலில் ஒரு பிள்ளை, பிறகு அதன் தாய், பிறகு பக்கத்து வீடு. யாரும் "அல்லாஹ்வே, என்ன மனே இது" என்று தலையில் கை வைக்கவில்லை. பாய் விரித்து மேடைக்கு முன்னால் இருக்கிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் போனைப் பைக்குள் போட்டேன். இடது காலில் நின்றேன். குதியை வைத்தேன். ஒரு மூச்சு நின்றேன்.

நாச்சியா மாமி தன் கேற்றில் நின்றா. நான் கிட்டப் போனேன். தலையை ஒரு பக்கம் சரித்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே சத்தம்:

"டேய் றுமைசு! சுல்பிட நடைய நீ எங்கடா புடிச்ச? அச்சொட்டா அவதான்!"

தெரு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது. "அவகிட்டத்தான் மாமி பழகின" என்றேன். "சின்னதில இருந்தே அவட நடையத்தான் களவெடுக்கிற."

மாமி என்னை விடவில்லை. இன்னும் நாலு அடி நடக்க வைத்துப் பார்த்தா. பிறகு சொன்னா: "பறவாயில்ல. ஆனா அவ நடந்த மாதிரி இல்ல மனே. அவ நடக்கக்குள்ள ஒரு உண்மை இருந்த. நீ இன்னும் கொஞ்சம் பழகோணும்."

ஓம் மாமி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். சம்மாந்துறை நாடகத்துக்கு முன் எனக்குச் சொல்லித் தாருங்கள் ராத்தா.

வரவைப் பார்த்திருக்கும்,
தம்பி றுமைஸ்